ஒரே அளவில் தழும்புகள்

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் டக் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்துகிறது, ஓர் இரைச்சல் கேட்கிறது, பிறகு வேறு சுருதியில் மறுபடியும் ஆரம்பிக்கிறது. அதற்குள் போய் நானும் அசையாமல் படுக்க வேண்டுமாம். முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், பிதுங்காமல் என்ன செய்யும், வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து பலகை பார்த்த முதுகு. என்ன பலகை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் பெண்டாட்டி மங்கைக்கு நான் சென்ட்ரல் கவர்மெண்ட்டில் சயின்டிஸ்ட், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் யாராவது "சாருக்கு ராக்கெட்டா?" என்று கேட்டால் "அந்த மாதிரிதான்" என்று அவளே சிரித்து மழுப்பிவிடுவாள். வடக்கே இருக்கிற வேலையை லீவில் திருச்சிக்கு வரும்போது ரயிலிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவதாகத்தான் எனக்கு நினைப்பு. ஆனால் இந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்ததும் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் ஓரத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள், ஏசி நேராக அடிக்கிற இடம், எல்லாம் காலி. நான் தூணுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். வெளியே ஏதாவது வெடித்தால் கண்ணாடிதான் முதலில் உள்ளே வரும் என்று உடம்புக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். மகள் சின்ன வயதில் கேட்பாள், அப்பா ஏன் எப்பப் பார்த்தாலும் ஓட்டல்ல மூலையில உட்காருறீங்க என்று. காற்று ஒத்துக்காதும்மா என்பேன். எனக்குக் காற்று நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

எங்கள் வேலையில் முதல் கேள்வி ஒன்றுதான், இலக்கு என்ன? அதைச் சொல்லாமல் ஒரு திருகாணிகூட வரைய முடியாது. வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், நிறைய வெடிமருந்து போட்டால் நிறைய அழியும் என்று, அது தீபாவளிக் கணக்கு. டாங்க் என்றால் பலத்தையெல்லாம் திரட்டி ஒரே இடத்தில் குத்த வேண்டும். கான்கிரீட் பதுங்குகுழி என்றால் அவசரமே கூடாது, மூக்கு கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே போய்விட்டோம் என்று தெரிந்த பிறகுதான் வெடிக்க வேண்டும். விமானம் என்றால் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனால் போதும், அதன் தோல் வெறும் தகடு. ஓடுபாதை என்றால் மேலே குழி பறித்துப் பிரயோஜனமில்லை, அடியிலிருந்து தூக்கிப் பிளக்க வேண்டும், இல்லையென்றால் விடிவதற்குள் ஜல்லி கொட்டி நிரவிவிடுவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு, அந்தப் பிடிவாதத்தைப் படித்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும். இருப்பதிலேயே பிடிவாதம் இல்லாதவன் மனுஷன்தான். காகிதத்தில் அவனுக்கு சாஃப்ட் டார்கெட் என்று பெயர், மங்கை வாங்குகிற சோப்பு உறையில்கூட அந்த சாஃப்ட் இருக்கிறது. அவனுக்குப் பெரிய அடி வேண்டாம், சின்னச் சின்னதாக நிறைய வேண்டும், எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றாவது பட வேண்டும். குண்டின் ஓடு தானாக உடைந்து சிதறினால் ஒன்று உள்ளங்கை அகலத்துக்குப் போகும், ஒன்று கடுகாகப் போகும், இரண்டும் வீண். அதனால் துண்டுகளை முன்கூட்டியே ஒரே அளவில் செய்து நெருக்கமாக அடுக்கி வைப்பது. நான் வேலையில் கற்றுக்கொண்டதையெல்லாம் சுருக்கினால் இரண்டு வார்த்தைதான் மிஞ்சும், ஒரே அளவு.

கையில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன். இதையும் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், நீலச் சட்டை போட்ட டெக்னீஷியன், பெயர் மெர்லின் என்று மார்பில் குத்தியிருக்கிறது. "உங்க முறை வர்றப்ப குடுங்க சார், மறந்து மட்டும் போயிடாதீங்க. மெஷின் ஓடலைன்னாலும் காந்தம் ஆன்லதான் இருக்கும், ராத்திரி நாங்க வீட்டுக்குப் போனாலும் ஆன்லதான் இருக்கும்." சொல்லும்போது அவள் குரலில் ஒரு செல்லம் இருந்தது, வீட்டில் வளர்க்கிற ஏதோ ஒரு பிராணியைப் பற்றிச் சொல்வது போல. என் சாவிக்கொத்திலும் ஒரு காந்தம் உண்டு, பட்டாணி அளவுதான், ஆனால் ஒரு ஸ்பானரையே தூக்கிவிடும். சோதனை மைதானத்தில் நடுவில் குண்டை வைத்துச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பலகைகள் நிறுத்துவோம், வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம். வெடித்து முடிந்து புகை அடங்கியதும் சாக்பீஸோடு போக வேண்டும். துளைத்துக்கொண்டு போன ஓட்டையைச் சுற்றி நீலம், உள்ளேயே தங்கிவிட்டதைச் சுற்றிச் சிவப்பு. தங்கியதை உளியால் தோண்டி எடுத்து இந்தக் காந்தத்தில் காட்டுவேன், ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் டங்ஸ்டன், வேறு வேறு டப்பா. ஒரு தடவை புதிதாக வந்த பையன்கள் விளையாட்டுக்கு ஒரு பலகையில் மீசை வரைந்து வைத்துவிட்டார்கள். எங்கள் டைரக்டர் குதித்த குதி! மனசு கேட்காமல் குதிக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார், பெயிண்ட் பூசினால் பலகையின் கனம் மாறும், கணக்கு தப்பும். அதிலிருந்து பலகைகளுக்கு முகமே கிடையாது.

எதிர்வரிசையில் ஒரு அம்மா வந்து உட்காருகிறார். கூடவே மகன், முப்பது வயதிருக்கும், என்னிடம் "சார், இது எம்ஆர்ஐக்குத்தானே?" என்று சுத்தமான திருச்சித் தமிழில் கேட்டுவிட்டு, திரும்பி அம்மாவிடம் "இதிலையே இருங்கோ" என்கிறான். சிலோன்காரர்கள். ஊரைச் சுற்றி அகதி முகாம்கள் இருக்கின்றன, பஸ்ஸில் கடையில் கேட்கிற பேச்சுதான், ஆனாலும் கேட்கும்போதெல்லாம் என் முதுகு ஒரு தரம் நிமிரும். எண்பத்து மூன்றில் இவர்களுக்காகக் கல்லூரி வாசலிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் கத்திக்கொண்டு ஊர்வலம் போனவன்தான் நானும். அப்பாவுக்கு அன்று என்ன பெருமை, தென்னரசு என்று பேர் வைத்தது வீண்போகவில்லை என்று சைக்கிளில் வந்து எனக்கு மட்டும் சோடா வாங்கிக் கொடுத்தார். எதற்கு இப்போது சோடா ஞாபகம்? அந்த அம்மா ஒல்லி, நரைத்த தலையைக் காதோடு மூடி வாரி, கழுத்தோடு ஒட்டித் தாழ்வாகக் கொண்டை போட்டிருக்கிறார். இந்த வெயில் காலத்தில் முழங்கை தாண்டிய ரவிக்கை. அவர்களுக்குத்தான் முதலில் முறை, அவருக்கு அடிக்கடி தலைசுற்றி விழுகிறதாம், மகன் மெர்லினிடம் சொல்வது காதில் விழுகிறது. வாசலில் வாட்ச்மேன் யாருடைய பைக் என்று சத்தம் போட, மகன் எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று ஓடுகிறான்.

மெர்லின் அந்த அம்மாவின் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒப்பிக்கிறாள், தினமும் ஒப்பிக்கிற வேகம். "பேஸ்மேக்கர் இருக்காம்மா? இதயத்துல ஸ்டென்ட்? ஆபரேஷன்ல வச்ச பிளேட், ஸ்க்ரூ? பல்லுல கம்பி? உடம்புக்குள்ள இரும்பு எதுவும் இருக்கா?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்டுமேயில்லை."

பதில் வேகமாக வந்தது. கேள்வி முடிவதற்கு முன்பே வந்த மாதிரி இருந்தது எனக்கு, பலமுறை பல பேரிடம் சொல்லித் தேய்ந்த பதில். மெர்லின் கொண்டை ஊசிகளை எடுக்கச் சொல்கிறாள், சங்கிலியைக் கழற்றச் சொல்கிறாள், உள்ளே இருக்கிற ஆள் வெளியே வந்ததும் கவுன் மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்கிறாள், போய்விடுகிறாள். அந்த அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பது தெரியாததைப் போல, கைகளைப் பின்னால் கொண்டுபோய் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார். முடியை மொத்தமாக மேலே தூக்கி முடிகிறார். ரவிக்கைக் கை சற்று மேலே ஏறுகிறது. பார்க்கக் கூடாது என்று கண்ணை எடுக்கப் போகிறேன், எடுக்கவில்லை. பிடரியில், முடி தொடங்குகிற கோட்டுக்குக் கீழே, ஒரு குழி. முழங்கைக்குக் கீழே இன்னும் இரண்டு. வழவழப்பாக, சுற்றிலும் தோல் இழுத்து. அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொள்ளலாம், நாய் கடித்தது என்று நினைத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், நான் நினைக்க முடியாது. மூன்றும் ஒரே அளவு.

ஒரே அளவு என்றால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு அறையில், இதே மாதிரி ஏசி அறையில், டீ ஆறிக்கொண்டிருக்க, ஒருத்தன் கேட்டிருக்கிறான், இலக்கு என்ன? இன்னொருத்தன் சொல்லியிருக்கிறான். நாங்கள் வரைந்ததில்லை, அது வேறு நாடு, வேறு கம்பெனி, யார் கையில் இருந்து யார் மேல் போட்டது என்றுகூட எனக்குத் தெரியாது. இதை எனக்கு நானே எதற்குச் சொல்லிக்கொள்கிறேன்? எல்லோர் வரைபடமும் ஒன்றுதான், மனுஷ உடம்பு எங்கேயும் ஒரே கனம்தானே. கையில் பட்ட இரண்டும் வெளியே போயிருக்கும், கையின் மறுபக்கம் கோணலாகத் தெரிகிற இரண்டு தழும்பும் போன வழி. இரண்டும் நீலம். கழுத்தில் பட்டதற்கு எதிர்ப்பக்கம் தொண்டை, தொண்டையில் ஒன்றும் இல்லை, ஆள் உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறார். அப்படியென்றால் உள்ளேயே தங்கிவிட்டது. சிவப்பு. சீ, என்ன பழக்கம் இது, ஒரு பெண்பிள்ளையின் கழுத்தைச் சுற்றி மனசுக்குள் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன். அந்த முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் ராத்திரியும் தூங்காத ஒரு காந்தத்துக்கு முன்னால் போய்த் தலையைக் கொடுத்துப் படுக்கப் போகிறார். அது உள்ளுக்குள்ளேயே திரும்பும், நகரும், இத்தனை வருஷம் எதைத் தொடாமல் இருந்ததோ அதைத் தொடும். அன்று பாதியில் நின்ற வேலையை இன்று முடித்துக்கொள்ளும்.

சொல்ல வேண்டியதுதானே. எழுந்து இரண்டு எட்டு வைத்து, அம்மா, உங்க கழுத்துல இரும்பு இருக்கு, உள்ள போகாதீங்க. எவ்வளவு சுலபம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. டாக்டர் என்று சொல்லலாம், இந்தத் தலைமுடிக்கும் கண்ணாடிக்கும் நம்புவார்கள். அவர் ஏன் இல்லை என்றார்? மறந்துபோகிற விஷயமா அது? காது மந்தமா, அதுவும் இல்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. அங்கே சோதனைச் சாவடிகளில் தழும்பு இருக்கிறவர்களைத் தனியாக நிற்க வைப்பார்களாம், சண்டை போட்டவனுக்குத்தானே தழும்பு இருக்கும் என்று, தனியாக நின்றவர்கள் சிலர் அப்புறம் வரிசைக்குத் திரும்பவே இல்லையாம். பேப்பரில் படித்திருக்கிறேன், படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அதனால்தான் கழுத்தோடு ஒட்டிய கொண்டை, அதனால்தான் நீளக் கை. சீருடை போட்ட யார் கேட்டாலும் ஒண்டுமில்லை. மெர்லின் போட்டிருப்பதும் சீருடைதானே, நீலச் சட்டை, மார்பில் பெயர். இப்போது நான் போய், மூலையில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள், உங்க கழுத்துல இருக்கிறது எனக்குத் தெரியும் என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? செத்தே போய்விடுவார்.

ஒருவேளை டங்ஸ்டனாக இருந்தால்? அப்படியானால் காந்தம் ஒன்றும் பெரிதாகச் செய்யாது, ஸ்கேன் எடுப்பார், வீட்டுக்குப் போவார், நான் வாயைத் திறந்து அவரையும் கலைத்து என்னையும் கலைத்துக்கொள்ள வேண்டாம். சின்னதாக இருந்து கனமாக இருக்க வேண்டும் என்றால் டங்ஸ்டன்தான் போடுவார்கள், நானாக இருந்தால் போட்டிருப்பேன். பார், நானாக இருந்தால்! குழியின் அளவை வைத்து... குழி வருஷக்கணக்கில் சுருங்கியிருக்கும், அதை வைத்துச் சொல்ல முடியாது. கை எலும்புக்கு ஓரமாகப் போய் எலும்பு பிழைத்திருக்கிறதே, அப்படியானால் வேகம் குறைந்து வந்திருக்கிறது, தூரத்திலிருந்து வந்திருக்கிறது, இரும்பு சீக்கிரம் வேகம் குறையும், அப்படியானால் இரும்பு. இல்லை, நடுவில் ஏதாவது தடுத்திருக்கலாம். ஒரு மண்மூட்டை, ஒரு கதவு. யாராவது ஒரு ஆள் நடுவில் நின்றிருந்தால்கூட வேகம் குறையும். அந்த இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது, மேலே போக மாட்டேன் என்கிறது, வெறுமனே அந்த மூன்று குழியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் எங்கள் பலகைகளைக் காட்டிப் பேசினேன். ஒவ்வொரு பலகையிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் ஓட்டை, எந்தத் திசையிலும் ஆள் தப்ப இடமில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், அன்று ராத்திரி மங்கைக்கு போன் போட்டு ஒரு நல்ல காரியம் நடந்தது என்றேன், என்ன காரியம் என்று அவள் கேட்கவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

மெஷின் நின்றுவிட்டது. இந்த அமைதி அந்த டக் டக்கைவிட மோசமாக இருக்கிறது. கதவு திறக்கிறது, ஒரு பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார், அவருக்குப் பின்னால் அறையின் ஒரு துண்டு தெரிகிறது, வெள்ளை வட்டம், நடுவில் இருட்டு. மெர்லின் மடித்த பச்சைக் கவுனை நீட்டுகிறாள். "தவமலர் அம்மா, வாங்க, மாத்திக்கலாம்." அந்த அம்மா எழுந்திருக்கிறார். செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார். உனக்கு எதற்கு, உனக்கு எதற்கு, வாயை மூடிக்கொண்டு உட்கார், லீவில் வந்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போ. எழுந்துவிட்டேன். முதுகில் யாரோ கம்பி செருகிய மாதிரி வலிக்கிறது, தூணைப் பிடித்துக்கொள்கிறேன்.

"மெர்லின், ஒரு நிமிஷம். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"சார், அடுத்து நீங்கதான், உட்காருங்க."

"அதுக்கில்லம்மா. ஒரே நிமிஷம். தயவுசெஞ்சு."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, கதவை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். அந்த அம்மா கவுனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன், தாழ்த்தினால் இன்னும் பயமுறுத்துகிற மாதிரிதான் கேட்கிறது.

"அம்மா, உங்க கழுத்துல பின்னாடி ஒண்ணு உள்ள இருக்குல்ல. அதோட உள்ள போகக் கூடாதும்மா. ஆபத்து."

அவர் கை தன்னால் பிடரிக்குப் போய் மூடுகிறது. முகம் செத்துவிட்டது. நான் நினைத்தபடியே, நான் பயந்தபடியே. வாசலைப் பார்க்கிறார், மகன் இல்லை.

"ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை. நான் சும்மா சனத்தோட சனமா இருந்தனான்."

"தெரியும்மா, தெரியும். நான் போலீஸ் இல்ல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்கள் டொக்டரோ?"

ஆமாம் என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்தது. அந்தக் கை கழுத்தை விடாமல் மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"இல்லம்மா. நான் அதைச் செய்யறவன். அந்த மாதிரி சாமானைச் செய்யற எடத்துல வேலை. அதான் பார்த்ததும் தெரிஞ்சுது."

இவ்வளவு வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம். மங்கையிடம் சொல்லாதது. அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தரம் பார்க்கிறார், அவ்வளவுதான். சட்டைப் பையில் பேனா, கையில் மங்கை கட்டிக் கொடுத்த மஞ்சள் பை. இப்படியா இருப்பான் என்று பார்த்த மாதிரி இருந்தது.

"அது இப்ப ஒண்டும் செய்யாது எண்டு அங்க சொன்னவை. எடுக்கவும் ஏலாதாம்."

"இரும்பா இருந்தா அந்த ரூம்ல இழுக்கும்மா. இல்லாட்டி பரவால்ல." சாவிக்கொத்திலிருந்து காந்தத்தைப் பிரித்து நீட்டினேன். "இது சின்னக் காந்தம். நீங்களே வச்சுப் பாருங்க. இழுத்தா உங்களுக்கே தெரியும்."

என் கையில் படாமல் எடுத்துக்கொண்டார். பிடரிக்குக் கொண்டுபோய் முடிக்குக் கீழே வைத்தார், மெதுவாக நகர்த்தினார். கண்ணை மூடினார். ஒரு இடத்தில் கை நின்றது. பலகையிலிருந்து தோண்டிய துண்டு காந்தத்தில் ஒட்டுகிறபோது டிக்கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது வராது, நடுவில் தோல் இருக்கிறது.

"இழுக்குது," என்றார்.

மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அம்மா, கேட்டேனே! தலையை அப்படியே உள்ள விட்டிருப்போமே..." டாக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினாள், ஸ்கேன் கிடையாது, முதலில் எக்ஸ்ரே என்று யாரிடமோ சத்தமாகச் சொல்வது கேட்டது. எனக்கு மூச்சு வந்தது. காப்பாற்றிவிட்டேன், ஒரு நல்ல காரியம் நடந்தது, ராத்திரி மங்கையிடம்... அந்த அம்மா பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கை கழுத்திலேயே இருக்கிறது. போகலாம் என்று திரும்பினேன்.

"ஐயா. உங்களுக்கு இதுகளெல்லாம் தெரியும்தானே. ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கம்மா."

"என்ட மகள், தர்ஷிகா, எனக்குப் பின்னால இருந்தவள். அவளுக்கு வயித்தில. இதே பீஸ்தான், அவளைத் துளைச்சுக்கொண்டு வந்தது. அவளுக்கு நொந்திருக்குமோ?"

பின்னால் இருந்தவள். நடுவில் நின்ற ஆள். அதனால்தான் வேகம் குறைந்தது, அதனால்தான் கழுத்தில் தங்கியது, கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆள் எவ்வளவு நேரத்தில் செயலிழப்பான் என்பதற்கு எங்களிடம் கணக்கு உண்டு, கையில் பட்டால் இவ்வளவு, வயிற்றில் பட்டால் இவ்வளவு. நொந்திருக்குமா என்பதற்கு இல்லை. யாரும் கேட்டதில்லை, பலகைக்கு நொந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஏதாவது சொல்ல வேண்டும், நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும்.

"இல்லம்மா," என்றேன். "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஒரு செகண்டுதான். உடனே போயிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். என்னைச் சமாதானப்படுத்துகிற ஆட்டல்.

"உடன போகேல்லை ஐயா. கனநேரம் கதைச்சுக்கொண்டு கிடந்தவள். உடுப்பு ஊறப் போட்டது அப்பிடியே கிடக்கு, போய் அலசிப் போடுங்கோ எண்டு. எனக்கு நோகேல்லை அம்மா, நீங்கள் போங்கோ எண்டும் சொன்னவள். மெய்யாத்தான் சொன்னவளோ, எனக்காகச் சொன்னவளோ எண்டுதான் உங்களிட்டக் கேட்டனான். செய்யிற உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

பைக்கை வைத்துவிட்டு மகன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான், கவுன் மாற்றாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்தான், எதிரில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தான்.

"என்னம்மா, ஆர் இவர்?"

"ஒருத்தருமில்லை தம்பி," என்றார் அவர். மெர்லினிடம் சொன்ன அதே வேகத்தில், அதே குரலில் சொன்னார். தழும்பை மறைத்திருந்த அந்தக் கொண்டைக்குள் என்னையும் வைத்து முடிந்துகொண்டுவிட்டார்.

மெர்லின் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள். "தென்னரசு சார், நீங்க வந்துருங்க, அவங்களுக்கு நேரமாகும். பேஸ்மேக்கர், பிளேட், ஸ்க்ரூ எதுவும் இல்லைல்ல? உடம்புக்குள்ள இரும்பு எதுவும்?" இல்லை என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, இன்னொரு தரம் கேட்டாள், இன்னொரு தரம் இல்லை என்றேன். சாவிக்கொத்தையும் பேனாவையும் மஞ்சள் பையையும் தட்டில் போட்டேன். "அவ்வளவுதானா சார்? காந்தம் ஏதோ வச்சிருந்தீங்களே?" திரும்பிப் பார்த்தேன். அது அந்த அம்மாவின் கையில்தான் இருந்தது, கை பிடரியில் இருந்தது, அந்த இடத்தை விட்டு எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.